கையை இறக்கிவிட்டு ஜெயித்தவன்

ஹெஸ்டர்: யோவ், பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா. ஜெயிச்ச திமிர்ல தரையெல்லாம் சேறு.

ஜேபஸ்: நாலு குதிரை நீளம் புள்ள! ரெண்டாவது வந்தவன் என் சேத்தைத்தான் தின்னான்.

ஹெஸ்டர்: தெரியும், தெரியும். மால்ட்டன் ஊர்ல கசாப்புக் கடையிலேர்ந்து சர்ச் வரைக்கும் அதே பேச்சு. ‘பந்தயக் குதிரை ஓட்டற ஜாக்கின்னா ஜேபஸ்தான், கையை இறக்கிவிட்டே ஜெயிச்சான்’னு.

ஜேபஸ்: பின்ன? பந்தயம் முடியற கம்பம் வரைக்கும் கடிவாளத்தைத் தூக்கிப் பிடிச்சுத் தள்ளித் தள்ளி ஓட்டுறவன் சாதா ஆளு. எவனும் கிட்டயே வர முடியாதுன்னு தெரிஞ்சவன்தான் கையை இறக்கிட்டு, குதிரையை அது பாட்டுக்கு விடுவான்.

ஹெஸ்டர்: இப்போ எல்லாத்துக்கும் அதே பேச்சாயிருச்சு. பாதிரியார் சம்சாரத்தோட பிளம் கேக்குக்கு இன்னைக்குச் சந்தையில முதல் பரிசாம். அவங்களும் ‘கையை இறக்கிவிட்டே ஜெயிச்சாங்க’ளாம்.

ஜேபஸ்: கேக்குக்கு ஏது கடிவாளம்!

ஹெஸ்டர்: சிரிச்சது போதும். டீயைக் குடி.

ஜேபஸ்: ...ஆறட்டும்.

ஹெஸ்டர்: ஆறித்தான் கிடக்கு. ஆமா... கம்பத்துக்கு எவ்வளவு முன்னாடி கையை இறக்கின?

ஜேபஸ்: அது... ஒரு அம்பது கஜம் இருக்கும்.

ஹெஸ்டர்: முந்நூறு.

ஜேபஸ்: நீ எங்க பாத்த? வரமாட்டேன்னு சொன்னியே!

ஹெஸ்டர்: சொன்னேன். வேலி ஓரமா நின்னேன். அப்போ உன் பின்னாடியே ஒருத்தன் ஒட்டிக்கிட்டு வந்தான்யா. அங்க எவனாவது கையை இறக்குவானா?

ஜேபஸ்: குதிரைக்குத் தெரியும் புள்ள.

ஹெஸ்டர்: வர்ற சனிக்கிழமை யார்க் பட்டணத்துல பெரிய பந்தயம். குதிரைக்கார முதலாளிக்கு வாக்குக் குடுத்திருக்க. கையைக் காட்டு.

ஜேபஸ்: விடு புள்ள...

ஹெஸ்டர்: காட்டுய்யா!

ஜேபஸ்: ...மரத்துப்போச்சு ஹெஸ்டர். வளைவு தாண்டினதும் விரல்ல பிடியே இல்ல. கை தானா இறங்கிருச்சு. புண்ணியவதி அந்தக் குதிரை... அவளாவே ஓடி ஜெயிச்சா. ஊரே கைதட்டுது, நான் கண்ணை இறுக்கி மூடிட்டு உக்காந்திருக்கேன்.

ஹெஸ்டர்: ம்.

ஜேபஸ்: சனிக்கிழமை விழுந்துருவேனோன்னு பயமா இருக்கு. முதலாளிகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?

ஹெஸ்டர்: சொல்லியாச்சு. பந்தயம் முடிஞ்ச கையோட நானே போய்ச் சொல்லிட்டேன். சனிக்கிழமை வேற ஆளு ஓட்டுவான். திங்கக்கிழமையிலேர்ந்து அவர் லாயத்துக்கு நீதான் மேஸ்திரி.

ஜேபஸ்: அடிப்பாவி... என்னை ஒரு வார்த்தை கேக்காமலா! ...மேஸ்திரியா? நெசமாவா? ஆனா உனக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் மூச்சு விடலையே!

ஹெஸ்டர்: மூணு மாசமா தினம் காலையில உன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடறது யாரு? ஆசையிலதான் போடறேன்னு நெனச்சியா? ...சரி, அதுவுந்தான். இந்தா டீ... ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடி.