அஞ்சு நாளா அவர் சொன்னது

தாரணி: கைய எடுங்கம்மா. மாஸ்க்கக் கழட்டல. இந்தச் சின்ன மைக்கத் தொண்டையில ஒட்டப் போறேன், அவ்ளோதான்.

சுந்தராம்பாள்: எதுக்குத் தாயி அதெல்லாம்... அவரு பேசுறது எனக்குத்தான் வெளங்குதே. நான் சொல்லிப்புடுறேன்ல.

தாரணி: அஞ்சு நாளா நீங்கதான் சொல்லிட்டு இருக்கீங்க. பக்கத்துலயே நிக்கிற நர்ஸ் எனக்கு ஒரு வார்த்தை புரியல. மெசின் சத்தம் ஒரு பக்கம், மாஸ்க் ஒரு பக்கம்... கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு.

சுந்தராம்பாள்: ஊர்ல, பூண்டியில இருக்கும்போதும் எங்க வீட்டுக்காரரு இப்படித்தான். எல்லாம் வாய்க்குள்ளயே.

சுப்புராஜ்: ம்ம்ம்... ஊம்... ம்ம்...

தாரணி: என்ன சொல்றாரு?

சுந்தராம்பாள்: ரசஞ்சோறு கேக்குறாரு.

தாரணி: இன்னைக்குமா? ரசஞ்சோத்துக்கு எதுக்கும்மா கையால எதையோ இழுத்துச் சாத்துற மாதிரி காட்டுறாரு?

சுந்தராம்பாள்: அது... சன்னலச் சாத்தச் சொல்றாரு. குளுருதுல்ல.

தாரணி: சாத்தித்தானேம்மா இருக்கு. ஐயா, இங்க பாருங்க. ஸ்பீக்கரத் தலமாட்டுல வச்சிருக்கேன். மெசின் காத்த உள்ள தள்ளும்போது பேசாதீங்க. காத்து வெளிய போகும்போது மெதுவா... நாலு வார்த்தை, அப்புறம் மூச்சு. எங்க, உங்க பேரச் சொல்லுங்க.

சுப்புராஜ்: சுப்பு... ராஜ்.

தாரணி: கேட்டீங்களாம்மா? எவ்ளோ தெளிவா இருக்கு. ஏம்மா... ஏன் எந்திரிச்சிட்டீங்க?

சுந்தராம்பாள்: ஒண்ணுமில்ல. வெளிய ஒரு சோலி கெடக்கு...

தாரணி: உக்காருங்க. மூஞ்செல்லாம் வேர்த்துக் கெடக்கு, இந்தக் கொடைக்கானல் குளுருல. ஐயா, ரசஞ்சோறு வேணுமா?

சுப்புராஜ்: நான்... கேக்கலியே.

தாரணி: கேக்கலியா? நேத்து வீட்டுக்குப் போகணும்னு சொன்னீங்களே?

சுப்புராஜ்: இல்லம்மா.

தாரணி: தொண்டை எரிச்சல் எதுவும் இல்லைன்னீங்க. அதையாவது...

சுப்புராஜ்: எரியுது. நெஞ்சு வரைக்கும்... எரியுது.

தாரணி: அம்மா... நீங்க சொன்னத எல்லாம் நான் சார்ட்டுல எழுதி வச்சிருக்கேன். அதப் பாத்துத்தான் டாக்டர் மருந்து குடுக்குறாரு. அஞ்சு நாளும் பொய்யா?

சுப்புராஜ்: சுந்தரா... கொட்டகை...

சுந்தராம்பாள்: நீங்க பேசாதீங்க. நானே சொல்லிப்புடுறேன். நான் முன்ன சொன்ன மாதிரி இவரு காட்டுல மயங்கி விழுகல தாயி. பூண்டுக்குப் புகை போடுற கொட்டகையில விழுந்தாரு.

தாரணி: புகைக்குள்ளயா?

சுந்தராம்பாள்: மேல பூண்டக் கட்டித் தொங்கவிட்டுக் கீழ வெறக மூட்டிப் போடுவோம். புகை வெளிய போயிறக் கூடாது. அன்னைக்குக் கதவு ஒருக்களிச்சுக் கெடந்துச்சு. உள்ள எட்டிப் பாத்தாலும் புகை போயிரும்னு, வெரசா இழுத்துச் சாத்திக் கொண்டியப் போட்டுட்டுக் களையெடுக்கப் போயிட்டேன். இவரு உள்ள இருக்காருன்னு எனக்குத் தெரியாது தாயி, தெரியவே தெரியாது.

தாரணி: எவ்ளோ நேரம்?

சுந்தராம்பாள்: முக்கா மணி நேரம். வந்து தெறந்தா... வாசப்படியில குப்புறக் கெடக்காரு.

தாரணி: கடவுளே... உடுப்பெல்லாம் புகை வாசம் அடிக்குதேன்னு அன்னைக்கே கேட்டேன்ல நான்?

சுந்தராம்பாள்: வெறகடுப்புன்னேன். எங்க ஊர்ல எல்லாத்து மேலயும் அந்த வாசம் உண்டு. நீயும் நம்பிட்ட.

தாரணி: அவரு உயிரும்மா அது. ஏன் மறைச்சீங்க?

சுந்தராம்பாள்: அன்னைக்கு வெள்ளனே எங்களுக்குள்ள சண்டை. தோட்டத்து வேலிப் படலச் சாத்தாம விட்டுட்டாரு. காட்டுமாடு எறங்கிக் கேரட்டு பூராம் மிதிச்சுப் போட்டுருச்சு. ஆத்திரத்துல, நீ செத்தாத்தான் எனக்கு விடிவுகாலம்னு கத்துனேன். தெருவே கேட்டுச்சு. அன்னைக்கே கொண்டி போட்டவளும் நானே... யாரு நம்புவா? இவரு தம்பிங்க ரெண்டு பேரும் வெளியதான் நிக்கிறாங்க. இவதான் பூட்டுனான்னு இவரு வாயில வந்துருச்சுன்னா... பயந்து செத்துட்டேன் தாயி.

தாரணி: அதான் அவரு சொன்னத மாத்திச் சொன்னீங்களா?

சுந்தராம்பாள்: எங்க... அவரு பேசுனது எனக்கும் ஒரு வார்த்தை வெளங்கல.

தாரணி: என்னது?

சுந்தராம்பாள்: கதவச் சாத்துற மாதிரி கையக் காட்டுனாருல்ல. அது ஒண்ணு போதாதா நான் பயப்பட?

தாரணி: இருங்க, பேசாதீங்க... ஹலோ, சார், தாரணி. நாலாம் பெட் சுப்புராஜ். காட்டுல விழல சார், மூடுன கொட்டகையில புகைக்குள்ள முக்கா மணி நேரம் கெடந்திருக்காரு... ஆமா சார், இப்பத்தான் சொல்றாங்க... இல்ல, அவரே பேசுறாரு சார்... சரி, பிளட் எடுத்து வைக்கிறேன். வெரசா வாங்க.

சுப்புராஜ்: சுந்தரா... கிட்ட வா.

சுந்தராம்பாள்: வந்துட்டேன். யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க, போலீசுன்னாலும் நான் போறேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்... கொண்டி போட்ட சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?

சுப்புராஜ்: கேட்டுச்சு. நீ... இருமுனதும்.

சுந்தராம்பாள்: கதவுக்கு இந்தப் பக்கம்தான நின்னேன். ஒரு கொரல் குடுத்திருக்கலாமேங்க. நான் சொன்ன சொல்லுக்கு... இப்படியே போயிருவோம்னு நின்னுட்டீங்களா?

தாரணி: அம்மா, அவருக்கு மூச்சு வாங்குது. அப்புறம் கேக்கலாம்.

சுப்புராஜ்: இல்ல... இதத்தான் அஞ்சு நாளா... சொல்றேன். உன் மேல... தப்பே இல்ல. கையில... பீடி. விட்டுட்டேன்னு உன் தலையில அடிச்சு... சத்தியம் பண்ணவன். அந்தப் புகைக்குள்ள நின்னு குடிச்சா... பீடி வாசம் உனக்குத் தெரியாதுன்னு... தெனமும்... நீ அந்தப் பக்கம் போகட்டும்னு... மூச்ச அடக்கிக்கிட்டு நின்னேன்.