தொண்ணூத்தெட்டு டிகிரி

தூசி இல்ல சார். தூசின்னா ஊதிட்டு அப்பவே அனுப்பிருப்பேன். உங்க கம்ப்யூட்டர் ஸ்கிரீனப் பாருங்க. தொண்ணூத்தெட்டு டிகிரி. கேம் ஓட ஆரம்பிச்சு ரெண்டே நிமிஷம்.

வீட்ல நாப்பதுதான் காட்டுச்சா? எப்ப பாத்தீங்க? ஒண்ணும் ஓடாதப்போ, சும்மா தொறந்து வச்சிட்டுப் பாத்தீங்க. அதானே? நிக்கிற கார்ல உக்காந்துக்கிட்டு என்ஜின் சூடே ஆவலங்கிற மாதிரி இருக்கு. இதுல ஐடி மேனேஜர்னு வேற சொல்றீங்க.

யாரோ வீடியோல சொன்னான், சரி. அவன் சொன்ன ஸ்பீடு நம்பர அப்படியே போட்டுட்டீங்க. அவன் வச்சிருக்கிற கூலர் உங்ககிட்ட இருக்கா? அவன் ரூம்ல நாள் பூரா ஏர்கான் ஓடுது லா. நீங்க புக்கிட் பாஞ்சாங் வீட்ல ஜன்னலத் தொறந்து போட்டுட்டு, மேசைக்கு அடியில செவுத்தோட ஒட்டிச் சொருகி வச்சிருக்கீங்க.

ஸ்பீட ஏத்துறது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் முழு வேலை குடுத்து, பக்கத்துலயே உக்காந்து சூட்டப் பாக்கணும். சராசரிய நம்பாதீங்க. சிப்புக்குள்ள இருக்கிற கோர்ல எது ரொம்ப சூடோ, அதுதான் உங்க நம்பர். எண்பத்தஞ்சத் தாண்டுனா எறக்கிடணும். நீங்க என்ன பண்ணீங்க? இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் ஏத்துனீங்க! பெரிய கெட்டிக்காரத்தனம்.

நானா? ஏன், நானும்தான் பண்ணேன். போன வருஷம்.

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில கேன்சர். குரல்வளைய எடுக்கணும்னு டாக்டர் தேதி குடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி அவர் குரல ரெக்கார்ட் பண்ணிக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிட்டா, அப்புறம் அவர் டைப் பண்றத அவர் குரல்லயே அது பேசும். மூணு வாரம், தெனம் உக்காந்து வாசிச்சாரு. கம்ப்யூட்டர் சீக்கிரம் பழகி முடிக்கட்டுமேன்னு நாந்தான் ஸ்பீட ஏத்துனேன். சூடானா பீப்புன்னு கத்தும்ல, அந்தச் சத்தம் ரெக்கார்டிங்ல விழுதுன்னு அதையும் நாந்தான் ஆஃப் பண்ணேன்.

ஆபரேஷனுக்கு மொத நாள் காலைல கருகிடுச்சு சார். டிஸ்க்கும் சேந்து போச்சு. இன்னொரு காப்பி எடுத்து வைக்கல. பதினேழு வருஷமா ரிப்பேர் கடை நடத்துறவ, ஒரு காப்பி எடுத்து வைக்கல. திரும்ப மொதல்லேந்து வாசிக்க ஏது நேரம்? விடு தாரணின்னாரு. மறுநாள் அட்மிட் ஆயிட்டாரு.

சரி, நாளைக்கு மத்தியானம் வாங்க. பழைய ஸ்பீடுக்கே எறக்கி வைக்கிறேன். கதவுகிட்ட மேசையில இருக்காரே, அவர்கிட்ட பேரும் போன் நம்பரும் சொல்லிட்டுப் போங்க. அவர்தான். எழுதித்தான் காட்டுவாரு. நீங்க கத்திப் பேச வேணாம் சார், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. அவருக்குக் காது நல்லாவே கேக்கும்.