கூரை இல்லாத கோயில்

மொன்றியலில், ரொக்ஸ்பரோவிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மரக்கறிப் பையை மடியில் வைத்திருந்தவளிடம், ஜன்னல் கரையில் இருந்தவள் சொன்னதைக் கேட்டதும் நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டேன்.

“ரோமில துடக்கோட கோயிலுக்குள்ள போயிட்டனடி.”

“என்ன துடக்கு?”

“இவரின்ர பெரியப்பா நாங்கள் வெளிக்கிடுறதுக்கு முந்தின கிழமை செத்தவரெல்லே, அந்தத் தீட்டு. டிக்கெற்றை மாத்தேலாமல் போச்சு.”

“அப்ப ஏன் கோயிலுக்குப் போனனீ?”

“இடிஞ்ச தூண்தானே எண்டு உள்ளுக்கு நிண்டு படம் எடுக்கிறன். அந்தக் கைட் பிள்ளை சொல்லுறாள், இது பழைய கோயிலாம், சாமி இருந்த இடத்திலதான் நான் நிக்கிறனாம். அதைக் கேட்டதும் இவர் வெளியில வெயிலுக்க நிண்டிட்டார், உள்ளுக்கு வரேல்லை.”

“பிறகு?”

“அங்க நிண்டே எங்கட மொன்றியல் ஐயருக்கு ஃபோன் எடுத்தன். பாவம், நித்திரையால எழும்பி வந்து, ‘விக்கிரகம் இருக்கோ?’ எண்டார். இல்லை ஐயா எண்டன். ‘பூசை நடக்குதோ?’ இல்லை ஐயா, கூரையே இல்லை. ‘அப்ப அது கோயில் இல்லை, பயப்பிடாமல் சுத்திப் பாருங்கோ. எனக்கும் ரெண்டு படம் அனுப்பிவிடுங்கோ’ எண்டார். அப்பதான் எனக்கு மூச்சே வந்தது. பேந்து பின்னேரம் வரைக்கும் ஒரு இடம் விடாமல் பாத்தம்.”

“வெயிலுக்க நிண்ட அண்ணை?”

“ஐயர் சொன்னதைச் சொல்லிக் கூப்பிட்டன். வந்தார். சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு வந்து, கையெடுத்துக் கும்பிட்டார்.”