இரண்டாவது பூசணிக்காய்

பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து வாங்க வேண்டும், மேடம். சமையலுக்கு என்றால் எப்படி இருந்தாலும் தேவலை. திருஷ்டிக்கு என்றால் சாம்பல் பூத்து, கையில் தூக்கினால் கனக்க வேண்டும். அப்போதுதான் ஒரே போடில் நன்றாகச் சிதறும். அன்றைக்குக் கீழ்பென்னாத்தூர் கடையில் நான் இரண்டு வாங்கினேன். ஒன்றை மைதான வாசலில் உடைத்தது உங்களுக்குத் தெரியும். மற்றதைப் பற்றி முழுசாகச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

விபத்து என்று நீங்கள் வழக்கை முடித்துவிட்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. என்னை யாரும் இழுத்து வரவில்லை, நானாகத்தான் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தேன். மாஜிஸ்திரேட் முன்னாலும் இதையேதான் சொல்வேன்.

ஊருக்கெல்லாம் அவள் பாப் பாடகி நிலா. எனக்குக் கன்னியம்மாள், என் சித்தப்பா மகள். ஒரே வீட்டில் வளர்ந்தோம். கீழ்பென்னாத்தூர் மாரியம்மன் திருவிழாவில் ஒரே மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடினோம். சென்னையிலிருந்து அவளை மட்டும்தான் கூப்பிட்டார்கள். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்பப் பயந்துகொண்டு, "கஸ்தூரி, நீயும் கூடப் போ" என்று என்னையும் வண்டி ஏற்றினார்கள். துணைக்குப் போனவள் அப்படியே இருந்துவிட்டேன். அவளுக்கு வெந்நீர் வைத்தேன், துணி எடுத்து வைத்தேன், மேடை ஏறும் முன்னால் பூசணிக்காய் சுற்றினேன். கல்யாணம் கில்யாணம் என்று எனக்கு யாரும் பேச்செடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பூசணிக்காய் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. உடைத்த கையோடு கூட்டி ஓரம் தள்ளி, மேலே மண் போட்டுவிடுவேன். யாராவது வழுக்கி விழுந்தால் அந்தப் பாவம் நமக்குத்தானே. சிங்கப்பூரில் மண்ணுக்கு வழியில்லாமல் ஓட்டல் பூந்தொட்டியிலிருந்து அள்ளிப் போட்டேன், காவலாளி முறைத்தான். சுற்றிப் போட்டதை மிதிக்கக் கூடாது என்று கன்னிக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளுக்கு உச்சஸ்தாயி எட்டவில்லை. அவளுடைய பெரிய பாட்டே உச்சியில்தான் நிற்கும். அதனால் அந்த ஒரு பாட்டில் மேலே போகும் இடங்களை மட்டும் கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று நான் பாடுவேன், அவள் வாயசைப்பாள். ஒலி பார்க்கும் அறிவுமதி அவள் மைக்கை அடைத்துவிட்டு என்னுடையதைத் திறப்பான். அடைத்தாலும் அவள் மைக் என் காதில் மாட்டிய இயர்போனுக்கு மட்டும் வரும். அவள் எங்கே மூச்சு எடுக்கிறாள் என்று எனக்குக் கேட்க வேண்டுமே. எங்கள் மூன்று பேரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. புதிதாக வந்த மேனேஜர் பாலாஜிக்குக்கூடத் தெரியாது.

இந்த வருஷம் அவள் பாட வந்து இருபத்தைந்து ஆண்டு நிறைவு. முதல் கேசட்டிலிருந்து நேற்றைய பாட்டுவரை ஊர் ஊராகக் கச்சேரி, கடைசிக் கச்சேரி சொந்த மண்ணில். செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்தோம். "இங்க வெள்ளைக்காரங்களுக்கு என்னைத் தெரியாதுக்கா, நிம்மதி" என்றாள். மறுநாளே காபிக் கடையில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, யாராவது திரும்பிப் பார்ப்பார்களா என்று உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஆசை என்னிடம் கிடையாது.

வேங்கிக்கால் மைதானத்தில் ஒத்திகை. பெரிய திரையில் அவளுடைய பழைய படங்கள் ஓடின. மாரியம்மன் திருவிழாப் படமும் வந்தது. மைக் முன்னால் அவள் மட்டும் நின்றாள். தோளில் ஒரு கை இருந்தது, கையில் ரப்பர் வளையல். அது என் கை. மீதியை வெட்டிவிட்டிருந்தார்கள்.

"ஒரு கைதானே, யாரு பாக்கப் போறாங்க? விடுங்கம்மா" என்றார் பாலாஜி.

கன்னி என் கன்னத்தைக் கிள்ளினாள். "உனக்குதான் இதெல்லாம் புடிக்காதேக்கா. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

ஆமாம், பிடிக்காது என்றேன். இதற்காகக் கோபப்பட நான் சின்னப் பிள்ளையா?

அண்ணாமலையார் ஊரில் செருப்புப் போட மாட்டேன் என்று அன்று வெறுங்காலோடு பாடினாள். கடைசியாக வரும் அந்தப் பெரிய பாட்டுக்கு அவள் மேடைக்குப் பின்னால் போய், இரும்புப் படியில் கீழே இறங்கி, அங்கிருக்கும் லிஃப்டில் ஏறி, புகைக்கு நடுவே மேலே எழும்ப வேண்டும். கீழே வேறு ஆள் கிடையாது, படியில் டார்ச் காட்டுவது என் வேலை.

அவள் அதற்கு முந்தின பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, திரை மறைவிலிருந்தே அவளைப் பார்த்து இரண்டாவது காயைச் சுற்றினேன். சொந்த ஊர், கண் ஜாஸ்தி. கற்பூரத்தை அணைத்துவிட்டு முதல் படியிலேயே போட்டு உடைத்தேன். கூட்டவில்லை. மண் போடவில்லை. அவள் ஓடி வந்தபோது டார்ச்சையும் போடவில்லை.

"எங்கக்கா லைட்டு?" என்றாள்.

"எறங்கு கன்னி, நான் இருக்கேன்" என்றேன்.

விழுந்த சத்தம் மேளத்தில் கரைந்துவிட்டது. பாட்டின் முன்னிசை வந்துவிட்டது. ஜனங்கள் காத்திருந்தார்கள். அவர்களை ஏமாற்றலாமா? என் மைக்கைத் தட்டியதும் அறிவுமதி அவளுடையதை அடைத்து என்னுடையதைத் திறந்தான், முதல் வரியிலிருந்து நானே பாடினேன். குரல் கேட்கிறது என்றால் ஆள் இருக்கிறாள் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள். யாரும் தேடவில்லை. இதோ எழும்புவாள், இதோ எழும்புவாள் என்று புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் காதில் அவள் வந்தாள்.

"அக்கா... எழுந்திருக்க முடியலக்கா. தலையில ரத்தம். யாரையாவது கூப்புடேன்."

அனுபல்லவியில் அதைக் கேட்டேன். சரணத்தில் வெறும் "அக்கா" மட்டும் கேட்டது. அவள் மூச்சு எடுத்த இடத்தில் நானும் எடுத்தேன், பழக்கம். பாட்டு முடிந்ததும் மைதானமே "ஒன்ஸ் மோர்" என்று எழுந்து நின்றது. சரணத்தை இன்னொரு முறை பாடினேன். அதற்குள் காதில் சத்தம் நின்றிருந்தது. அப்புறம்தான் போய் அலறினேன். சீக்கிரம் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். படிக்கட்டில் கிடந்த பூசணித் துண்டுகளைப் பார்த்து, பாவம், திருஷ்டி கழிக்கப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று என்னைத்தான் எல்லோரும் தேற்றினார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அறிவுமதி பயந்துபோய், அவள் விழுந்த பிறகு கேட்டது ரெக்கார்டிங், அது தானாக ஓடியது என்று உங்களிடம் சொல்லிவிட்டான். இப்போது எல்லா போனிலும் அந்தப் பாட்டுதான், நிலாவின் கடைசிக் குரல் என்று பேர் போட்டு. இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு உருக்கமாகப் பாடியதே இல்லை என்று எழுதுகிறார்கள். ஒவ்வொன்றையும் படித்தேன். சரிதான், அவள் பாடியதே இல்லை.

பூசணிக்காயை எழுதிக்கொண்டீர்கள். டார்ச்சை எழுதிக்கொண்டீர்கள். பாடியது கஸ்தூரி என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள், மேடம். அதையும் எழுதுங்கள். புகழுக்காகக் கேட்கவில்லை, உண்மை உண்மையாக இருக்கட்டுமே என்றுதான். நம்பிக்கை வராவிட்டால் இங்கேயே பாடிக் காட்டுகிறேன். அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து வையுங்கள். வெளியே டிவிக்காரர்கள் நிற்கிறார்கள்.