பெட்டியின் அடித்தட்டில் ஒரு ஜோடி பூட்ஸ்

ஹலோ... ஆமாண்டி, நான்தான். என் போனை வேற யாரு எடுக்கப் போறா... கட்டிட்டேன்... கட்டிட்டேன்னு சொல்றேன்ல... சரி, முக்கால்வாசி கட்டிட்டேன். பெட்டி கட்டில் மேல வாயைப் பொளந்துட்டுக் கிடக்கு. நான் பக்கத்துல உக்காந்து அதை முறைச்சுட்டு இருக்கேன். நாளைக்குக் காலையில நம்ம ரெண்டு பேருக்கும் ஃப்ளைட்டுன்னு அதுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஐயோ, மறுபடியும் லிஸ்டா? படி, படி. ஒரே அக்கா, செருப்புக் கடை வச்சிருக்கா, எழுத்துக் கூட்டத் தெரியாதுன்னு நினைச்சுட்ட போல... ம்... ம்... உடம்பை ஒட்டின கம்பளி பனியன் ரெண்டு. இருக்கு. கம்பளி கால்சட்டை ரெண்டு. இருக்கு. அதுக்கு மேல கனமான ஸ்வெட்டர். இருக்கு. அதுக்கு மேல காத்து புகாத கோட்டு... அது அண்டார்டிகா கப்பல்லயே தருவாங்க, தெரியும்... ஆமா, பேன்ட் தர மாட்டாங்க. தண்ணி புகாத பேன்ட் வாங்கியாச்சு. போட்டு நடந்தும் பார்த்துட்டேன். சரக் சரக்னு ஒரு சத்தம், பூனை பீரோ மேல ஏறிட்டு இன்னும் இறங்கல.

என்ன, காட்டன் கூடாதா?... நனைஞ்சா காயாது, உடம்பு விறைச்சுப் போகும்... சரி... சரிடீ, அந்த நைட்டியை எடுத்துடறேன்... ரூமுக்குள்ள போட்டுக்க ஒண்ணே ஒண்ணு... யாரு வந்து பார்க்கப் போறா, பென்குயினா? அது இருபத்துநாலு மணி நேரமும் கோட்டு போட்டுட்டு நிக்கறது, அதுக்கு என் நைட்டியைப் பத்தி என்ன கவலை... சரி எடுத்துட்டேன். எடுத்துட்டேன்னு சொன்னா எடுத்துட்டேன்.

கம்பளி சாக்ஸ் ஆறு ஜோடியா? எனக்கு எதுக்குடி ஆறு ஜோடி? ஆறு ஒத்தை போதும். என் இடது கால் பிளாஸ்டிக்குக்கு எந்தக் குளிர் தெரியப் போகுது... சிரிக்கலாம்டி, தப்பில்ல. பதினோரு வருஷம் ஆச்சு, இன்னும் முழங்காலுக்குக் கீழ துக்கம் விசாரிச்சுட்டே இருப்பியா? கப்பல்ல இருக்கற அத்தனை பேருக்கும் ரெண்டு கால் நடுங்கும், எனக்கு ஒண்ணுதான். பாதிக் குளிர்ல மொத்தத் துருவத்தையும் பார்த்துட்டு வரப் போறேன்.

ஆங், அதையும் பண்ணிட்டேன். பேன்ட், பை, வெல்க்ரோ பட்டை எல்லாத்தையும் டூத்பிரஷ் வச்சு ரெண்டு மணி நேரம் நோண்டினேன். ஒரு விதை, ஒரு துளி மண்ணு இருந்தாக்கூட பனியில இறங்க விட மாட்டாங்களாமே. பையோட ஜிப்புல ரெண்டு புல் விதை இருந்துச்சு. எங்க மாமியார்கூட என்கிட்ட இவ்வளவு குத்தம் கண்டுபிடிச்சதில்ல.

என்னடி?... இல்ல, என்னமோ மென்னு முழுங்கற மாதிரி இருக்கு... சொல்லித் தொலை... மெயில் போட்டியா? கப்பல் ஆபீசுக்கா? என்னன்னு?...

யாரைக் கேட்டுப் போட்ட?

இல்ல, யாரைக் கேட்டுப் போட்ட? ஃபாரத்துல உடம்புல குறை இருக்கான்னு கேட்ட கட்டத்தை நான் வேணும்னேதான்டி காலியா விட்டேன்! பொய்யா எழுதினேன்? காலியாதானே விட்டேன்! அக்காவுக்கு ஒரு கால் கிடையாதுன்னு ஊரைக் கூட்டிச் சொல்லிட்ட. இனிமே என்னை ஒரு நாற்காலியில வச்சுக் கட்டி, மடியில ஒரு போர்வையைப் போட்டு... ஆமா, எனக்குக் கோவம்தான். வராம? நீ நல்லதுக்குத்தான் பண்ணுவ. நீ பண்ற நல்லதெல்லாம் என் தலையிலதான் வந்து விடியும்.

...பதில் வந்துச்சா? படி. சுருக்காத, அப்படியே படி... ம்... முதல் நாள்... கப்பல் தளத்துல... பூட்ஸ் மாட்டிட்டு... பத்துப் படி இறங்கி, ரப்பர் படகுல கால் வச்சு, திரும்ப ஏறிக் காட்டணும். யாரும் தூக்காம... சரி. முடியலன்னா?... தளத்துலயே நின்னு பார்க்கலாம், பைனாகுலர் தருவாங்க. ரொம்பப் பெரிய மனசு.

நீ என்ன பதில் போட்ட?... அப்புறம் சொல்றியா? ஏன் அப்புறம்?... சரி, விடு. அந்தப் பரீட்சையில நான் பாஸ். போய்ச் சொல்லு உன் கப்பல்காரங்ககிட்ட.

எப்படின்னா, அவங்க தர்ற பூட்ஸ் எனக்கு ஏறவே ஏறாது, அது எனக்கு ஆறு மாசம் முன்னாடியே தெரியும்... ஏன்னா முழங்கால் உசர ரப்பர் பூட்ஸ்டி. நீ மாட்டும்போது கவனி, பாதத்தை நீட்டி, நெளிச்சு, மடக்கித்தான் உள்ள விடுவ. என்னோடது அசையாது. 'ட' எழுதின மாதிரி அப்படியே நிக்கும்... அதான். கடைக் கதவைச் சாத்திட்டு மூணு நாள் மல்லுக்கட்டினேன். பவுடர் போட்டேன், பாலிதீன் கவர் சுத்தினேன். கடைசியில முக்கால் மணி நேரம் போராடி உள்ள தள்ளிட்டேன். அப்புறம் வெளிய வரல. உக்காந்து திட்டறேன், திட்டறேன், அப்பத்தான் புத்தியில உறைச்சுது. அது எதுக்கு வெளிய வரணும்?

கண்டுபிடி பார்ப்போம்... தோத்துட்டியா? அலமாரி மேல பழைய கால் ஒண்ணு சும்மா தூங்கிட்டு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதை வச்சுத்தான் இத்தனை மல்லுக்கட்டும், இப்ப அதை பூட்ஸுக்குள்ளயே குடி வச்சுட்டேன். நீங்கல்லாம் பூட்ஸ் மாத்துவீங்க, நான் காலையே மாத்துவேன்! இதைக் கழட்டி, அதை மாட்டினா ரெண்டு நிமிஷம்... எந்த பூட்ஸா இருந்தாலும் ஆகாதுடி. குதிகால் அரை விரல் உசந்தாலும் என்னை முன்னாடி தள்ளி விட்டுடும். கடையில இருந்த அத்தனை மாடலையும் அளந்தேன், ஒண்ணே ஒண்ணுதான் சரியா உக்காந்துச்சு. மாட்டிட்டு மாடிப்படி முப்பது தடவை ஏறி இறங்கிட்டேன். பக்கத்துக் கடை வாட்ச் ரிப்பேர்க்காரர் சாட்சி... சொந்த பூட்ஸ் கொண்டு வரலாம்டி! கப்பல்காரங்க அனுப்பின விதிமுறையில நாலாவது பக்கத்துல போட்டிருக்கு. நீ எப்பவும் முதல் பக்கத்தோட நிறுத்திடுவ.

பூட்ஸ் எங்க இருக்குன்னா கேக்கற? பெட்டியில, அடித்தட்டுல. இடம் வீணாகக் கூடாதுன்னு உள்ள சாக்ஸ் அடைச்சு, மேல குல்லாயைக் கவுத்து வச்சிருக்கேன். தொழில் புத்தி.

...ஹலோ?

ஹலோ? லைன்ல இருக்கியா?

என்ன எடுத்த?

நேத்து சாயங்காலமா... எடை போட்டப்ப... மூணு கிலோ கூட இருந்துச்சுன்னு... கப்பல்லயே பூட்ஸ் தருவாங்கன்னு... இரு. இரு, போனைக் கட்டில்ல வைக்கறேன்...

கம்பளி பனியன்... ஸ்வெட்டர்... பேன்ட்... அடியில... அடிப்பாவி!

அடிப்பாவி! காலை வாரி விடறவங்களைப் பார்த்திருக்கேன், காலையே தூக்கிட்டுப் போனவளை இப்பத்தான் பார்க்கறேன்! கேட்டா நான் சண்டை போடுவேன்னு சொல்லாம எடுத்தியா? போடுவேன்! இப்பவும் போடுவேன்! நீ கண்ணாஸ்பத்திரி நர்ஸுடி! ஊருக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்றவ! ஒரு பூட்ஸ் லேசா இருக்கு, இன்னொண்ணு அம்மிக்கல்லாட்டம் இருக்கு, ஏன்னு ஒரு நிமிஷம் தோணலையா?... சாக்ஸ் கனம்னு நினைச்சியா? எந்த ஊர் சாக்ஸுடி அது!

இப்ப எங்க இருக்கு? குப்பையில போட்டியா, யாருக்காவது குடுத்தியா, அதைச் சொல்லு முதல்ல... மாப்பிள்ளைக்கா? உன் வீட்டுக்காரருக்கா? கார் கழுவறதுக்கா? கடவுளே. எனக்கும் அவருக்கும் ஏழாம் நம்பர், அது எனக்குத் தெரியாதா, நான்தானே அவருக்கு இருபது வருஷமா ஷூ குடுக்கறேன்... இப்பவா? இப்பவே போட்டுட்டு இருக்காரா?... வலது ஏறிடுச்சு... இடது ஏறல...

எப்படிடி ஏறும்? அதுக்குள்ள ஏற்கெனவே என் கால் இருக்கு!

ஓடு. போனோட வாசலுக்கு ஓடு... என்ன பண்றார்?... ஷாம்பூ ஊத்தறாரா? என் காலுக்குள்ளயா?... என்னது? உள்ள பிளாஸ்டிக் லைனிங் தடுக்குதாமா?... கத்தியா? எதுக்குக் கத்தி?... அது லைனிங் இல்லடி! ஸ்பீக்கர்ல போடு! போட்டாச்சா?

மாப்பிள்ளை! கத்தியைக் கீழ வைங்க. வச்சுட்டீங்களா?... இல்ல, நான் ஒண்ணும் கோவப்படல. நல்லாத்தான் இருக்கேன். வீட்டுல எல்லாரும் சௌக்கியம். முதல்ல கத்தியை வைங்க... சரி. இப்ப அந்த இடது பூட்ஸுக்குள்ள மெதுவா கையை விடுங்க... ஈரமா இருக்கும், நீங்கதானே ஊத்தினீங்க. சாக்ஸ் வருதா?... எடுங்க... இன்னொண்ணு இருக்கும்... இன்னும் இருக்கும், எடுங்க... மேஜிக் ஷோ மாதிரியா? சிரிக்காதீங்க, எடுங்க. முடிஞ்சுதா? இப்ப உள்ள எட்டிப் பாருங்க. நல்லாப் பாருங்க...

ஐயையோ, ஏன் இப்படிக் கத்தறார்? மாப்பிள்ளை! மாப்பிள்ளை, பயப்படாதீங்க, அது நான்தான்!

...உக்கார வை அவரை. தண்ணி குடு... பெல்ட் அறுந்திருக்கா பாரு... கோப்பை மாதிரி இருக்கே, அதோட விளிம்புல கத்தி பட்டிருக்கா?... விரலால தடவிப் பாரு, சுத்தித் தடவு... ஒண்ணும் இல்லையே? சத்தியமா?... அப்பாடா. என் உயிர் இப்பத்தான் திரும்பி வந்துச்சு. ஷாம்பூவை ஈரத் துணியால துடைச்சுட்டுக் கொண்டு வரச் சொல்லு. ரெண்டு தெருதானே, கையில பிடிச்சுட்டு நடந்தே வரட்டும்... வலது காலோட சேறா? தோட்டத்துல இறங்கி மிதிச்சுட்டாரா? அருமை. வந்து அவரே டூத்பிரஷ் பிடிக்கட்டும். ஒரு துளி மண்ணு இருக்கக் கூடாது.

...அழறியா?

எதுக்குடி இப்ப அழற, கால்தான் கிடைச்சுடுச்சே... இரு. நீ அந்த மெயிலுக்கு என்ன பதில் போட்ட? இப்பச் சொல்லு...

ரெண்டு பேரும் இறங்கலைன்னு எழுதிட்டியா? நான் சரி, நீ எதுக்கு இறங்காம?... எனக்குத் துணைக்கு...

பைத்தியமாடி நீ?

இவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போய், நீயும் என் பக்கத்துல ஒரு நாற்காலியைப் போட்டுட்டு... இல்ல, கேளு. நான் சொல்றதைக் கேளு. அன்னிக்கு ஸ்கூட்டர் ஓட்டினது நீதான். ஆமா. நான் என்னிக்காவது இல்லைன்னேனா? மழை, லாரிக்காரன் திடீர்னு திருப்பினான், ரெண்டு பேரும் விழுந்தோம். உனக்கு முழங்கையில சிராய்ப்பு, எனக்குக் கால். மாத்தி நடந்திருந்தா நான் உன்னை இப்படித்தான் பொத்திப் பொத்தி வச்சிருப்பேனா?... மாட்டேன். பின்னாடியிலேர்ந்து உதைச்சு நடடீன்னு சொல்லியிருப்பேன். பதினோரு வருஷமா நீ என்னை ஷோகேஸ்ல வச்சிருக்க. ஷோகேஸ்ல வைக்கறது என் தொழில். நீ வைக்காத.

இருபத்தாறு வருஷம்டி. அந்தக் குட்டை ஸ்டூல்ல உக்காந்து அடுத்தவங்க காலுக்கு லேஸ் கட்டறேன். மலை ஏறப் போறேம்மா, ஓடப் போறேம்மா, வெளிநாடு போறேம்மான்னு வருவாங்க. கட்டைவிரலை அமுக்கிப் பார்த்து, சரியா இருக்கு, போயிட்டு வாங்கன்னு அனுப்புவேன். எத்தனை கால் என் கையிலேர்ந்து கிளம்பிப் போயிருக்கு! நான் கவுண்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவுல நடந்துட்டு இருக்கேன். எனக்கு இறங்கணும்டி. பைனாகுலர் வேண்டாம். பத்தடி நடந்தாப் போதும், ஆனா நடக்கணும். அவ்வளவு ஆசையா இருக்கு எனக்கு. உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு, அதான் கிண்டல் பண்ணிட்டே இருந்தேன்.

...ம்... சரி... சரி, அழுதது போதும். மூக்கைச் சிந்து. அந்த மெயிலை எடு... எடுத்துட்டியா? நான் சொல்றேன், எழுது. ரெண்டு பேரும் இறங்கறோம். அக்கா சொந்த பூட்ஸ் கொண்டு வர்றா. முதல் நாள் படி இறங்கிக் காட்டுவா... இல்ல, தயவு செஞ்சு எல்லாம் வேண்டாம், எடு அதை. அவ்வளவுதான். அனுப்பு... நீ அனுப்பு, நான் லைன்லயே இருக்கேன்...

போயிடுச்சா?... ம். நல்ல பொண்ணு.

ஒண்ணு சொல்லட்டா? நேத்து மதியம் கடை வாசல்ல மாவு கொட்டி, அதுல ரெண்டு பூட்ஸையும் மாட்டிட்டு நடந்து பார்த்தேன்... ஆமா, நிஜமாத்தான், வாட்ச்சுக்காரர் தலையில அடிச்சுக்கிட்டார். திரும்பிப் பார்த்தா ரெண்டு தடமும் ஒரே மாதிரி இருக்குடி. எது நிஜக் கால், எது பிளாஸ்டிக்குன்னு என்னாலயே சொல்ல முடியல... மறுபடியும் ஆரம்பிக்காத. உன் கண்ணுல இருக்கற தண்ணி அங்க போய் உறைஞ்சா நான் பொறுப்பில்ல.

இரு, காலிங் பெல்... ஜன்னல் வழியா பார்க்கறேன்... மாப்பிள்ளைதான். அடக் கண்றாவியே, வலது கால்ல அந்த பூட்ஸைக் கழட்டவே இல்லடி! இன்னொரு கால்ல ரப்பர் செருப்பு. என்னோடதைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுட்டு நிக்கறார். எதிர் வீட்டு டீச்சர் மாடியிலேர்ந்து எட்டிப் பார்க்கறா.

நீ போனை வை. நான் போய் என் காலை வாங்கிக்கறேன்.