குருவானவர் விட்ட வரி

— தலையை ஆட்டாதீங்க. கண்ணாடிச் சில்லு இன்னும் உள்ளதான் இருக்கு.

— மெதுவா, தாமசின். உயிர் போகுது.

— ஏங்க, லண்டனுக்கு எழுதி அனுப்புற உங்க வேதாகம இசை நாடகத்துல, காலைச் சாப்பாட்டுக்கு முன்னாடியே நாப்பதாயிரம் பெலிஸ்தரை வெட்டிச் சாய்க்கிறீங்க. ஒரு சில்லுக்கு இந்தக் கத்தலா?

— அது பாட்டு. செத்தவன் எழுந்து தொப்பியை மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவான். நேத்து நம்ம வாசல்ல விழுந்தவங்க எழுந்திரிக்கலையே.

— கோயில்ல எத்தனை பேரைக் கிடத்தியிருக்கு?

— பதினோரு பேர். கம்பளி நூல் நூற்கிற ஹெஸ்டருக்குக் கழுத்தே இல்ல, குண்டு பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. வாய்க்கால்ல ஒளிஞ்சவங்களை முடியைப் புடிச்சு இழுத்துப் போட்டுக் குத்தியிருக்காங்க சிப்பாய்ங்க. ஒருத்தன் குடலைக் கையில புடிச்சுக்கிட்டு என்னை ஜெபம் பண்ணச் சொன்னான். என் வாயில கிரேக்கம்தான் வந்துச்சு, தாமசின். அவனுக்கு ஒரு வார்த்தை புரியல. அப்படியே பாத்துக்கிட்டே போயிட்டான்.

— அந்தக் கும்பல் மட்டும் என்ன, பூப்போடவா வந்துச்சு? விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு நமக்குத் தசமபாகமா வசூலிக்கிற பெர்கினைத் தரையில போட்டு, கதிரடிக்கிற தடியால ரெண்டு கையையும் முறிச்சாங்க. எலும்பு வெளிய வந்து நின்னுச்சு. முன்னால நின்னவன் யாரு? உங்க கொல்லன் ஜேபஸ். கோயில்ல அவன் பாடுனா ஜன்னல் அதிரும்னு பெருமை பேசுவீங்களே, அவன்தான்!

— ஜேபஸ் அடிக்கல. தடியைப் புடுங்கத்தான் பார்த்தான். "கோதுமையைக் கப்பல்ல ஏத்தாதே, களஞ்சியத்தைத் தொற"ன்னு கேட்டான், அவ்வளவுதான். ஊருப் பிள்ளைங்க மாட்டுக்குப் போடுற கிழங்கைத் தின்னுதுங்க. நம்ம களஞ்சியத்துல கூரை முட்டக் கோதுமை.

— அப்போ தொறந்து விட்டிருக்கலாமே?

— சாவியோடதான் இறங்கினேன். முதல்ல கல்லு வந்துச்சு, பின்னாலயே பட்டாளம் வந்துச்சு. இந்த ஊருக்கு மாஜிஸ்திரேட்டும் நான்தானே. ஒரு மணி நேரத்துல கலையலன்னா தூக்குங்கிற ராஜ உத்தரவை என் கையில திணிச்சு, வாசின்னான் லெப்டினன்ட். என் வாயைத் திறந்துக்கிட்டுத்தான் அத்தனை குண்டும் போச்சு.

— சும்மா இருங்க, யாரோ கதவைத் தட்டுறாங்க. வாங்க, லெப்டினன்ட் தம்பி. பூட்ஸ்ல ரத்தம். மிதியடியில தொடைச்சுட்டு வாங்க.

— நேரமில்லம்மா. தோர்ன்பை குருவானவரே, சுருக்கமா முடிச்சிடலாம். ஜேபஸையும் கூட மூணு பேரையும் லிங்கன் ஊரு கோர்ட்டுக்கு அனுப்புறேன். விசாரணை ஒரு நாள், தூக்கு மறுநாள். உத்தரவை முழுசா வாசிச்சேன், ஒரு மணி நேரம் போயும் கும்பல் கலையலன்னு வேதப்புத்தகத்துல கை வெச்சுச் சொல்லுங்க. போதும்.

— முழுசா வாசிக்கல, லெப்டினன்ட்.

— என்ன?

— கடைசி வரியை விட்டுட்டேன். "ராஜாவைக் கடவுள் காப்பாத்தட்டும்." அதாவது... அந்த வரி இல்லாட்டி உத்தரவு செல்லாது. யாரையும் தூக்குல போட முடியாது.

— மறந்துட்டீங்களா?

— பழக்கதோஷம். லண்டன் இசைக்காரர் என் பாட்டு எதுலயும் கடைசி வரியை வெட்டிடுவார்.

— கிண்டலா? என் ஆளுங்க அத்தனை பேரும் பின்னால நின்னாங்க!

— கல்லு மழை, குதிரைக் கனைப்பு. நீங்களே வரிசையைச் சரி பண்ணிட்டு இருந்தீங்க. கடைசி வரி உங்க காதுல விழுந்துச்சா?

— உத்தரவு செல்லாதுன்னா நான் சுட்டதுக்கு என்ன பேரு? சொல்லுங்கய்யா!

— கொலை.

— கையை எடுங்க! தம்பி, அவர் கழுத்தை விடுங்க! ஐயோ, காயம் பொளந்துக்கிச்சு. ரத்தம் கொட்டுது, விடுங்கன்னா!

— இவர் என்னைத் தூக்குல ஏத்தப் பாக்குறாரும்மா! ஒரு எழுத்து பிசகுனா ராத்திரி தூங்காத பண்டிதர்னு கேம்பிரிட்ஜ் முழுக்கப் பேச்சு. இவரா ஒரு வரியை விடுவார்? குருவானவரே, தவக்காலத்துல உங்க நாடகத்தை ராஜா முன்னால பாடப் போறாங்களாமே. ராஜாவை வாழ்த்தாத ஆளோட பாட்டை எவன் பாடுவான்? நாடகம் போகும். பதவி போகும். இந்த வீடும் போகும். புரியுதா?

— புரியுது. பாடாமப் போகட்டும்.

— புத்தகத்துல கை வெச்சுச் சொல்லுவீங்களா?

— குடுங்க. வெச்சாச்சு. கடைசி வரியை நான் வாசிக்கல.

— அம்மா, நீங்க எங்க நின்னீங்க?

— மாடி ஜன்னல்ல.

— என்ன கேட்டுச்சு?

— கண்ணாடி ஒண்ணொண்ணா நொறுங்குது, கீழ பெர்கின் அலறுறான். எனக்கு என்னத்தைத் தம்பி கேக்கும்?

— ரெண்டு பேரும் இதுக்கு அழுவீங்க.

— அழுறப்ப அழுதுக்கிறோம். கதவை உதைக்காமப் போங்க, இருக்கிறது அது ஒண்ணுதான்.

— போயிட்டானா, தாமசின்?

— குதிரை ஏறிட்டான். உக்காருங்க, காயத்தைக் கட்டுறேன்.

— ஜேபஸ் பிழைச்சுக்குவான்தானே?

— பிழைப்பான். நாமதான் தெருவுல நிப்போம்.

— உனக்குக் கோபமா?

— கோபம் இல்லாம? பெர்கினோட கை என் கண்ணை விட்டுப் போகாது. ஆனா பதினொண்ணு பதினஞ்சாக வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்றேன், லிங்கன் கோர்ட்டுல என்னைச் சாட்சிக்குக் கூப்பிட விட்டுறாதீங்க. வேதப்புத்தகத்துல கை வெச்சா எனக்குப் பொய் வராது.

— நீ என்ன பொய் சொல்லணும்? உனக்குத்தான் எதுவும் கேக்கலையே.

— கேட்டுச்சுங்க. ஒரு வார்த்தை விடாம வாசிச்சீங்க. "ராஜாவைக் கடவுள் காப்பாத்தட்டும்"னு தொண்டை கிழியக் கத்துனீங்களே, அது மாடி வரைக்கும் வந்துச்சு.