அழிய மறுத்த சாதகம்

சந்திரவதனா: இன்னொருக்கா அமத்திப் பாருங்கோ, அண்ணை.

பாலேந்திரா: மூண்டு தரம் அமத்தியாச்சு, தங்கச்சி. ‘அக்செஸ் டினைட்’ எண்டுதான் நிக்குது. உங்கட மகள் லலிதான்ர சாதகம் அழியமாட்டாதாம்.

சந்திரவதனா: மெல்லக் கதையுங்கோ... குசினியில சிவமலரக்கா...

சிவமலர்: குசினியில இல்லை வதனா, பின்னாலதான் நிக்கிறன். தேத்தண்ணி கொண்டந்தனான். போன மாசந்தானே என்ர மனுசன் இந்தக் கொம்பியூட்டரில கணிச்சுத் தந்தவர்? ஏன் இப்ப அழிக்கிறியள்?

சந்திரவதனா: அது... பிறந்த நேரம் பிழை, அக்கா. ஆஸ்பத்திரி மணிக்கூடு பிந்தி ஓடினது.

சிவமலர்: எவ்வளவு பிந்தி?

சந்திரவதனா: ஒரு... ரெண்டு மணித்தியாலம்.

சிவமலர்: அடடா! செவ்வாய் நாலாம் வீட்டை விட்டு எழும்பிப் போறதுக்கு அளவாப் பிந்தியிருக்கு.

பாலேந்திரா: நீர் கொஞ்சம் சும்மா இரும்.

சந்திரவதனா: சரி, ஓம், செவ்வாய் குற்றம்தான். போதுமே? வேற நேரம் குடுத்து அண்ணை புதுசா ஒண்டு கணிச்சுத் தந்திட்டார். நாலு மணிக்குத் தவமலர் வாறா, மகனுக்குப் பொருத்தம் பாக்க. திரையில லலிதான்ர பேரில ரெண்டு சாதகம் நிண்டால்... அவளுக்கு அந்தப் பெடியனில உயிர், அக்கா.

சிவமலர்: தெரியும், தெரியும். ஈஸ்ற்ஹாம் பஸ்ஸில, மேல் தட்டில, முன் சீற்றில ரெண்டு பேரும். நான் பின்னுக்கு இருந்தனான்.

சந்திரவதனா: ஐயோ... ஆருக்கும் சொன்னனீங்களோ?

சிவமலர்: சீ... நாலைஞ்சு பேருக்குத்தான்.

சந்திரவதனா: அண்ணை, கெதியா! மூண்டே முக்கால்! ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போடுங்கோவன்.

பாலேந்திரா: அதுவும் செய்தாச்சு. இது பூட்டின பைல், தங்கச்சி. பூட்டின ஆள் திறந்தால்தான் அழியும்.

சந்திரவதனா: ஆர் பூட்டினது?

பாலேந்திரா: அதை மட்டும் கேளாதேங்கோ, தங்கச்சி.

சிவமலர்: இஞ்சருங்கோ, சொல்லாட்டி எனக்கு நாக்குக் கடிக்குது.

பாலேந்திரா: மூச்சு விடாதையும்! ஒரு வீட்டுச் சாதகத்தை மற்ற வீட்டுக்குச் சொல்லமாட்டன் எண்டு முருகன் கோயிலில சத்தியம் பண்ணின ஆள் நான்.

சந்திரவதனா: எந்த வீட்டுச் சாதகம்? ஆருக்குச் சத்தியம்? இது என்ர பிள்ளையின்ர வாழ்க்கை, அண்ணை... ஐயோ, பெல் அடிக்குது! அவதான்! வயரைப் பிடுங்குங்கோ!

பாலேந்திரா: வயரில கை வையாதேங்கோ! பொறுங்கோ!

சிவமலர்: வயரை விடும், வதனா. கண்ணைத் துடைச்சுப்போட்டு இந்தத் தேத்தண்ணியில ஒரு மிடறு குடியும்.

சந்திரவதனா: எப்பிடியக்கா குடிக்க ஏலும்? எல்லாம் முடிஞ்சுது...

பாலேந்திரா: சிவமலர்... வேண்டாம்...

சிவமலர்: சத்தியம் பண்ணினது நீங்கள். நான் பண்ணேல்லையே! வதனா, பூட்டினது இவர், பூட்டச் சொன்னது நான்தான். போன கிழமை தவமலரும் இதே கதிரையில இருந்து, தன்ர பெடியன்ர செவ்வாயை அழிச்சுத் தாங்கோ எண்டு அழுதவ. உங்கட ரெண்டு பொய்ச் சாதகத்தையும் வச்சுப் பாத்தால், நட்சத்திரமும் மாறி, பத்தில மூண்டு பொருத்தமும் இல்லை. உண்மையான ரெண்டும் அச்சொட்டாப் பொருந்துது. அவவுக்கும் ஆஸ்பத்திரி மணிக்கூடுதான் பிந்தினதாம். போய்க் கதவைத் திறவும், சம்பந்தி குளிருக்க நிக்கிறா!